கண்ணாடிப் பக்கம் சாய்ந்த தகடு

மலையில் கேரட் மூட்டை ஏற்றும் பிக்கப் வண்டி ஒன்றின் ஹீட்டருக்குள் ஒரு காற்றாடியும் ஒரு குட்டித் தகடும் குடியிருந்தன. காற்றாடி ஊதும் சூடான காற்றை ஓட்டுநர் போஜனின் காலுக்கும் முன்கண்ணாடிக்கும் திருப்பிவிடுவது தகட்டின் வேலை.

அந்தப் பனிக்காலம் முழுக்கக் காலுக்குக் காற்றே வரவில்லை. போஜன் ஹீட்டரைக் கண்டபடி திட்டினார். காற்றாடிக்கு மானமே போயிற்று.

"நான் உயிரைக் கொடுத்து ஊதுறேன், நீ கண்ணாடிப் பக்கமே சாஞ்சு கிடக்கிறியே, சோம்பேறி!" என்று தகட்டின் மேல் பாய்ந்தது.

ஒருநாள் மெக்கானிக் டேஷ்போர்டைக் கழற்றிப் பார்த்தார். தகட்டைத் திருப்பும் கம்பி எப்போதோ முறிந்திருந்தது. ஒருமுறை எந்தப் பக்கம் சாய்கிறதோ, அதன்பின் அந்தப் பக்கமே அது கிடக்க வேண்டியதுதான். புதுக் கம்பி மாட்டியதும் காலுக்கும் காற்று இதமாக இறங்கியது.

காற்றாடிக்கு வெட்கமாகிவிட்டது. "ஒரு பக்கம்தான் சாய முடியும்னா, கால் பக்கம் சாஞ்சிருக்கலாமே? இத்தனை திட்டும் வாங்கியிருக்க வேண்டாமே!"

"கால் விறைச்சா மனுஷன் திட்டுவாரு," என்றது தகடு. "கொண்டை ஊசி வளைவுல கண்ணாடியைப் பனி மூடிட்டா, திட்ட அவரு இருக்க மாட்டாரே."