முன்வரிசை ஆன்டெனா

"முன்வரிசையில இருக்கிறவரே, அந்த போனை அணைக்கிறீங்களா, இல்ல நான் பேச்சை நிறுத்தட்டுமா?"

பேச்சாளர் இப்படிக் கேட்டதும் நூலக மாடி அறையே திரும்பிப் பார்த்தது. சனிக்கிழமை தவறாமல் வந்து, போனை நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்தபடி உட்காரும் தையல்காரருக்கு 'ஆன்டெனா' என்று பட்டப்பெயரே வைத்திருந்தார்கள்.

"இல்லீங்க ஐயா, இது வந்து..."

"நான் பக்திங்கிற சொல்லோட வேரைத் தேடிக்கிட்டு இருக்கேன். உங்களுக்கு போன்தான் சாமி போலிருக்கு. முதல்ல அணைங்க."

சிரிப்பொலி எழுந்தது. போனை அணைத்துவிட்டுக் குனிந்த தையல்காரர் கடைசிவரை நிமிரவில்லை.

பேச்சாளர் விட்ட இடத்தில் தொடர்ந்தார். "'பஜ்'ங்கிற வடமொழி வேர்லேர்ந்து வந்தது பக்தி. அதுக்குப் பங்கு போடுறதுன்னு ஒரு பொருள். தனக்குக் கிடைச்சதைப் பங்கு போட்டுக்கத் தெரியாதவன் எத்தனை கும்பிடு போட்டு என்ன?"

பலத்த கைதட்டல்.

அடுத்த மூன்று வாரமும் அந்த நாற்காலி காலி. "ஆன்டெனா கழண்டுடுச்சு" என்றார் ஒருவர். பேச்சாளரும் சேர்ந்து சிரித்தார்.

நாலாவது சனிக்கிழமை, கூட்டம் கலைந்து நாற்காலிகளை அடுக்கும் நேரத்தில் தையல்காரர் வந்து நின்றார். கையில் போன் இல்லை.

"ஐயா, அன்னிக்கு அந்தச் சொல்லுக்கு என்னமோ வேர் சொன்னீங்களே, அது என்னங்க?"

"எதிர்லதானே உட்கார்ந்திருந்தீங்க?"

"நீங்க அதட்டினப்புறம் வெட்கத்துல எதுவும் காதுல ஏறல. வீட்டுக்குப் போனதும் என் சம்சாரம் கேட்டா, எனக்குச் சொல்லத் தெரியல."

"அவங்களுக்கு எதுக்கு அது?"

"அவ படுத்த படுக்கையாகி ரெண்டு வருஷமாச்சுங்க. நான் இங்க போனைப் பிடிச்சா, அங்க அவ படுத்துக்கிட்டே உங்க பேச்சைக் கேட்பா. வாரம் பூரா அதே பேச்சுதான். 'பாதியில நிக்குது, போய்க் கேட்டுட்டு வாங்க'ன்னு நச்சரிச்சா. எனக்குத்தான் உங்க முகத்துல முழிக்கக் கூச்சம்."

"தப்புப் பண்ணிட்டேன். இப்பவே போன் போடுங்க, அவங்ககிட்ட நானே சொல்றேன்."

"வேண்டாங்க. செவ்வாய்க்கிழமை போயிட்டா. எனக்குச் சொல்லுங்க, போதும்."

எத்தனையோ மேடைகளில் அந்தப் பொருளைச் சொல்லிக் கைதட்டல் வாங்கியவருக்கு, இந்த ஒருவரிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை.