பூட்டுக்கு முன்னால் போலீஸ்

"பூட்டையே இன்னும் உடைக்கலை, அதுக்குள்ள போலீஸ் வந்து திருடனைப் பிடிச்சாச்சா? எப்படிங்க?"

கையிலிருந்த கரண்டியைச் சமையல் மேடையில் 'டங்'கென்று வைத்தாள் அவள். மாதிரி வினாப் புத்தகத்தை மடியில் விரித்துத் தரையில் உட்கார்ந்திருந்த கணவன் அசரவில்லை. அவன் வாஷிங் மெஷின் மெக்கானிக். இதைவிடப் பெரிய சத்தமெல்லாம் கேட்டுப் பழகியவன்.

"முன்ஜாக்கிரதையான போலீஸா இருக்கும்."

"கிண்டலா? நாலு வாக்கியத்தைக் கலைச்சுப் போட்டு வரிசைப்படுத்தச் சொல்றான். எது முதல்ல நடக்கும்னு யோசிக்க வேண்டாமா? வீட்டுக்காரர் ஊருக்குக் கிளம்பறது சி. பூட்டின வீட்டைத் திருடன் பார்க்கறது பி. பூட்டை உடைச்சு உள்ள போறது டி. போலீஸ்கிட்ட மாட்டறது ஏ. நீங்க எடுத்த எடுப்புல ஏ-ன்னு ஆரம்பிக்கறீங்க!"

"சரி, 'ஹீ ப்ரோக் த லாக்'னு டி-யில ஆரம்பிச்சா?"

"யாருன்னே சொல்லாம 'ஹீ'ன்னா எவன்னு தெரியும்? முதல்ல ஆள் வரணும். அப்புறம்தான் 'ஹீ' வரும். இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணி வத்திப் போச்சு."

அவன் வேலை செய்யும் கடையை முதலாளி விற்கப்போகிறார். அதற்குள் வீட்டுக்கு நிலையான சம்பளம் ஒன்று வந்தாக வேண்டும். அலுவலக உதவியாளர் தேர்வை விட்டால் வேறு வழி தெரியவில்லை. போன தடவை அவளே எழுதி, ஆங்கிலத்தில் கவிழ்ந்து, புத்தகங்களைக் கயிறு போட்டுக் கட்டிப் பரணில் எறிந்திருந்தாள். இனி யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் நடக்கிறதே வேறு என்றும் சொல்லியிருந்தாள்.

அதனால் மெக்கானிக் வம்புக்குப் போகாமல், கட்டை அவிழ்த்துத் தானே படிக்க உட்கார்ந்துவிட்டான். "தனியாப் போனா எனக்குக் கை நடுங்கும். துணைக்கு நீயும் ஒரு விண்ணப்பம் போடு. சும்மா உக்காந்துட்டு வா, போதும்" என்று கெஞ்சினான். அவளும் அவன் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுத் தொலைத்தாள்.

ஆனால் அவன் மண்டையில் எதுவும் ஏற மாட்டேன் என்றது!

"அடுத்தது, கோடிட்ட இடம்" என்றான் அவன். "டென் இயர்ஸ்னு இருக்கு. முன்னாடி 'சின்ஸ்' போட்டுட்டேன்."

"தப்பு!"

"நேத்து 'சின்ஸ்'தானே சரின்னு சொன்ன?"

"நேத்து வந்தது வேற கேள்வி! எப்ப ஆரம்பிச்சதுன்னு சொன்னா 'சின்ஸ்'. எவ்வளவு காலம்னு சொன்னா 'ஃபார்'. உங்களைக் கட்டிக்கிட்ட நாள்லேருந்து நான் அவஸ்தைப்படறேன். அது 'சின்ஸ்'. ஆறு வருஷமா அவஸ்தைப்படறேன். அது 'ஃபார்'. இப்பவாவது புரிஞ்சுதா?"

"அவஸ்தை மட்டும் ரெண்டுலயும் மாறலை."

"மாறவே மாறாது!"

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அதையும் அவன் கணக்கில்தான் சேர்த்துத் திட்டினாள்.

திட்டினாளே தவிர விடவில்லை. இந்த மனிதருக்குப் புரிகிற மாதிரி எப்படிச் சொல்வது என்று பாத்திரம் தேய்க்கும்போதும் யோசித்தாள். பரணிலிருந்த மற்ற புத்தகங்களையும் இறக்கினாள். அவன் வேலைக்குப் போனபின் அவன் தப்பாகப் போட்ட கேள்விகளைத் தானே போட்டுப் பார்த்தாள். சாயங்காலம் அவன் வந்து புதிதாக வேறு தப்புப் போட்டான். சுவரிடம் சொல்லியிருந்தால்கூட இதற்குள் தேறியிருக்கும் என்று அவளுக்கு அழுகையே வந்தது. கடை கைமாறினால் குடும்பம் என்ன ஆகும்?

தேர்வு நாளன்று ஸ்கூட்டரில் போகும்போதும் அவன் சும்மா வரவில்லை.

"அந்தத் திருடன் கேள்வி... ஏ, டி, சி, பி-தானே?"

"ஐயோ! மறுபடியும் போலீஸையே முதல்ல அனுப்பறீங்களே! சி, பி, டி, ஏ! சாமி, என் உயிரை வாங்காம ரோட்டைப் பார்த்து ஓட்டுங்க."

தேர்வு மையத்தின் வாசலில் ஒரே கூட்டம். காவலாளி விசிலை ஊதி, கேட்டை மூடப்போவதாகக் கத்திக்கொண்டிருந்தார். மெக்கானிக் ஸ்பேனர் பைக்குள் கைவிட்டு ஒரு ஹால் டிக்கெட்டை எடுத்து நீட்டினான். அவளுடைய புகைப்படம்.

"உங்களோடது எங்கே?"

"இல்லை."

"இல்லையா? வீட்டுலயே விட்டுட்டீங்களா? கடவுளே! நான் நாயாக் கத்தினதெல்லாம் வீணாப் போச்சா? கடைசியில இதையுமா மறப்பீங்க? போங்க, ஓடிப் போய் எடுத்துட்டு வாங்க!"

"மறக்கலைம்மா. நான் விண்ணப்பமே போடலை."

காவலாளி இரண்டாவது விசிலை ஊதினார்.

"அப்ப... இத்தனை நாளா..."

"நீ படின்னு சொன்னா புத்தகத்தைத் தூக்கி எறிவே. என்னைத் திட்டணும்னாத்தான் அடுப்புல பால் பொங்கினாலும் விட்டுட்டு ஓடி வருவே" என்றான் மெக்கானிக். தன் சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து அவள் கையில் திணித்து, அவளைக் கேட்டின் பக்கம் மெல்லத் தள்ளினான். "பதறாம எழுது. சி, பி, டி, ஏ. போலீஸ் கடைசியிலதான் வரும்னு எனக்குத் தெரியாதா?"