கோதண்டபாணி கேட்ட பேர்

"கோதண்டபாணி சம்சாரத்துக்கு மொத தெவசமே வரல. அதுக்குள்ள வீடு வீடாப் போய் பொம்பளைங்க பேரைக் கேட்டு எழுதிக்கிறாரு."

கிணற்றடியில் செல்லம்மாள் இதைச் சொன்னபோது பட்டம்மாளின் குடம் பாதியில் நின்றுவிட்டது. ஆம்பூரில் தன் தெருச் சேதி தனக்குத் தெரியாமல் பிறப்பதை அவள் என்றுமே பொறுத்துக்கொண்டதில்லை.

கோதண்டபாணி ரயிலடியில் கூட்ஸ் குமாஸ்தாவாக இருந்து ஓய்ந்தவர். இப்போது வாசகசாலையில், அதைப் பார்த்துக்கொள்ளும் மக்பூல் அகமதுவோடு உட்கார்ந்து, பழைய பத்திரிகைகளில் வந்த மரண அறிவிப்புகளைப் பெயர்வாரியாக ஒரு பெரிய நோட்டில் எழுதி வருகிறார். பின்னால் யாராவது தேடி வந்தால் சட்டென்று கிடைக்க வேண்டுமாம். சல்லிக்காசு சம்பளமில்லை. ஆனாலும் முறை என்றால் முறை. ஓர் ஆளுக்கு ஊரை முதலில் எழுதி, அடுத்த ஆளுக்குத் தொழிலை முதலில் எழுதிவிட்டால், பக்கத்தையே கிழித்துவிட்டு மறுபடி எழுதுவார். அப்படிப்பட்ட மனிதர் இரண்டாம் கல்யாணத்துக்கும் நோட்டுப் போட்டுத்தான் பெண் தேடுவார் என்று தெரு தீர்ப்புச் சொல்லிவிட்டது.

யார் யார் வீட்டுக்குப் போனார் என்று பட்டம்மாள் விசாரித்தாள். பட்டியல் நீண்டது. ராமலிங்கம் வீடு, தோல் ஷாப் மேஸ்திரி வீடு, ஹலீமா பீ வீடுகூட. ஹலீமா பீ வீட்டில் இவருக்கு ஏது பெண் என்று இருவருக்கும் தோன்றத்தான் செய்தது. நன்றாக ஓடுகிற பேச்சை அதற்காக நிறுத்துவானேன்? அந்த வீடுகளில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் விஷயம் தெரிந்திருக்கும். அதனாலேயே யாரும் கேட்கவில்லை.

பேச்சு அரக்கோணம் வரை போயிற்று. தெவசம் கழிந்ததும் கோதண்டபாணியின் மகள் சம்பூர்ணத்தைக் கட்டிக்கொள்ள இருந்த மாப்பிள்ளை வீட்டார், சித்தி வரப்போகும் வீட்டில் சம்பந்தம் வேண்டாம் என்று கடிதம் போட்டுவிட்டார்கள். சம்பூர்ணம் அதை எடுத்துக்கொண்டு பட்டம்மாளின் அடுப்படிக்கு வந்து அழுதாள்.

"அப்பாகிட்ட நான் எப்டிக்கா கேக்கறது? நீங்க கேளுங்க."

பட்டம்மாளுக்கு நிஜமாகவே மனம் இளகியது. கேட்பதற்கு ஒரு காரணம் கிடைத்த சந்தோஷமும் அதில் கொஞ்சம் கலந்திருந்தது.

போய்க் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவள் அழுது முடிப்பதற்குள் கோதண்டபாணியே நோட்டும் பென்சிலுமாக வாசலில் வந்து நின்றார். சம்பூர்ணம் கதவுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டாள்.

"பட்டம்மா, ஒரு பேரு வேணும்."

"எந்தப் பொண்ணு பேருண்ணா? நீங்க நோட்டு எடுத்துக்கினு பொண்ணு தேடுறீங்க, அங்க உங்க பொண்ணு கல்யாணம் நின்னு போச்சு."

அவர் விழித்தார். அவள் விவரம் சொன்ன பிறகு, கோபப்படக்கூடத் தோன்றாமல் நோட்டைப் பிரித்துக் காட்டினார்.

"என் சம்சாரம் போனப்ப, 'கூட்ஸ் குமாஸ்தா கோதண்டபாணியின் மனைவி காலமானார்'னு பத்திரிகையில போட்டான். அவ பேரே இல்ல. நான் நோட்டுல மீனாம்பாள்னு எழுதினேன். மத்த பொம்பளைங்க எல்லாம் இன்னார் சம்சாரம்னுதானே கீறாங்க, உங்க வீட்டுக்கு மட்டும் தனி முறையான்னு மக்பூல் கேட்டாரு. நியாயம்தானே? அடிச்சிடலாம்னு பேனாவை எடுத்தேன். கை வரல. அதான், மத்தவங்க பேரையும் கேட்டு எழுதிடலாம்னு கிளம்பிட்டேன். இருநூத்திப் பதினோரு பேரும்மா. எல்லாம் செத்துப்போனவங்க."

சம்பூர்ணம் வெளியே வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அரக்கோணத்துக்கு இன்றைய தபாலிலேயே தான் எழுதிப் போடுவதாகப் பட்டம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். இந்தத் தெருவில் தனக்குத் தெரியாதது எதுவும் இல்லை, தன் சொல்லை யாரும் தட்டமாட்டார்கள் என்றும் சேர்த்துக்கொண்டாள்.

"நல்லதும்மா. உன் வீடுதான் பாக்கி," என்று அவர் பென்சிலை எடுத்தார். "தோல் மண்டி கன்னியப்பன் சம்சாரம். உன் மாமியாரு. பேரைச் சொல்லு."

பட்டம்மாள் வாயைத் திறந்தாள். பதினெட்டு வருஷம் ஒரே அடுப்பில் தன்னோடு சமைத்தவளை எவ்வளவு நினைத்துப் பார்த்தும், "அத்தை" என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.