பாலாடைப் பால்

அடுக்களைக் கதவுக்குப் பின்னால் ஃபெபி அசையாமல் நிற்கிறாள். பிரசவ விடுப்பு முடிந்து திங்கட்கிழமை அவள் பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் எடுக்கப் போக வேண்டும். ஆறு மாதக் குழந்தை ஹெப்ரான் மூன்று நாளாகப் பால் புகட்டும் பாலாடையை வாயில் வைத்தாலே துப்புகிறான். அவளைக் கண்டால் குடிக்க மாட்டான் என்று கணவன் எபனேசர்தான் அவளை இங்கே அனுப்பினான். கதவிடுக்கில் கூடத்து வெயில் தெரிகிறது. எபனேசர் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறான். மடியில் குழந்தை வீறிட்டு அழுகிறான். காலையில் அவள் பீய்ச்சி வைத்த பால் அவன் கன்னத்தில் வழிந்து காது மடலில் தேங்குகிறது. எபனேசர் துண்டு நுனியால் ஒற்றி எடுக்கிறான். "ஏலே, பையக் குடிலே. அப்பா இங்கனதான இருக்கேன்." தெருவில் மீன்காரரின் ஹாரன் அடிக்கிறது. அழுகையை நிறுத்திவிட்டு ஹெப்ரான் வாயைப் பிளந்தபடி வாசலைப் பார்க்கிறான். எபனேசர் பாலாடையைச் சரிக்கிறான். மடக்கென்று விழுங்கும் சத்தம், பின்னாலேயே இன்னொன்று. ஈரமான சின்ன விரல்கள் பாலாடையின் விளிம்பைத் தாமாகவே பற்றுகின்றன. "ஃபெபி, குடிக்கான்! நீ அங்கனயே நில்லு, வந்திராத." காலையிலிருந்து அவள் ஜெபித்ததும் இதற்காகத்தான். கதவை நோக்கிப் போன கையை இழுத்துக்கொள்கிறாள். நைட்டியின் முன்பக்கம் பால் கசிந்து ஈரம் படர்கிறது. கைகளை மார்பின் குறுக்கே இறுக்கிக் கட்டிக்கொள்கிறாள். கூடத்தில் எபனேசர் அடுத்த பாலாடையை நிரப்புகிறான்.