கூண்டுக்குள் ஏழு

வருகைப் பதிவேட்டை வைத்தே ஆபீசை நடுங்க வைத்த அதிகாரி, ஓய்வுக்குப் பிறகு கோழிகளைப் பிடித்துக்கொண்டார். பனி இறங்கிய அந்தச் சாயங்காலமும் கொல்லைக் கூண்டுக்குள் கையை விட்டு, ஒவ்வொரு முதுகாகத் தொட்டு எண்ணினார்.

"ஆறு... ஏழு! ஒருத்தருக்கும் லீவு கிடையாது!" என்று மனைவிக்குக் குரல் கொடுத்தார். "குளிருக்கு இந்தக் கடைசிக் கோழி எவ்வளவு மெத்துன்னு ஆயிருக்கு தெரியுமா? எல்லாம் என் தீவனம்!"

"ஏங்க, ஒண்ணுகூடச் சத்தம் போடலையே?"

"ஒழுக்கம்! நான் போய் நின்னா ஆபீசே இப்படித்தான் இருக்கும்."

மனைவி கொல்லைவாசலுக்கு வந்தாள். அவள் இடுப்பில், துணியில் சுற்றிய கறுப்புக்கோழி.

"சளி பிடிச்சிருக்குன்னு இவளை மத்தியானமே உள்ளே தூக்கிட்டு வந்துட்டேனே. அங்கே ஆறுதானே இருக்கணும்?"

அவர் கை இன்னும் கூண்டுக்குள்தான் இருந்தது. அதன் கீழே, மெத்தென்ற அந்த முதுகு மெல்லத் திரும்பியது.