ஆலாத் திட்டுக்குப் போகும் பாதை

“ஏப்ரல் ஒன்பது. காலை ஆறு நாப்பது. காத்து இல்ல, வெயில் இப்பவே சுடுது,” என்று வாய்விட்டுச் சொல்லியபடியே வனத்துறைப் பெண் அதிகாரி குறிப்பேட்டில் எழுதினார்.

தீவின் கரையோரமாக, தாழம்புதர்களுக்கு இடையே, கடற்பறவைகளான ஆலாக்கள் முட்டையிடும் மணல்திட்டு வரை ஒரு நடைபாதை செல்கிறது. அதை மூட வேண்டும் என்று ஒரு மனு வந்திருந்தது. நேரில் பார்த்து அன்றே முடிவு சொல்ல அந்த அம்மாள் வந்திருந்தார். முன்னால் நடந்த வழிகாட்டி, இருபத்தொரு ஆண்டுகளாகப் பயணிகளை அங்கே அழைத்துச் செல்பவர். பின்னால் வந்த அவருடைய மைத்துனன், அந்தப் பயணிகளைத் தன் படகில் தீவுக்குக் கொண்டுவருபவன். பாதை போனால் இருவர் வீட்டிலும் அடுப்பெரியாது.

“மனு போட்டது யாருன்னு மட்டும் சொல்லுங்க மேடம்,” என்றான் மைத்துனன். “அந்தப் புண்ணியவானைப் படகுல ஏத்தி நடுக்கடல்ல இறக்கி விடணும்.”

“அதனாலதான் சொல்லல.”

“எதிர்க்கரை விடுதிக்காரன்தான். பயணிங்க எல்லாம் அவன் பக்கம் திரும்பணும்னு பாக்குறான். எனக்குத் தெரியாதா!”

புதர் முடிந்தது. வெறும் மணலில் நூற்றுக்கணக்கான ஆலாக்கள் அடைகாத்துக்கொண்டிருந்தன. வழிகாட்டி கையை உயர்த்தி இருவரையும் நிறுத்தினார்.

“பயணிகளும் இங்கதான் நிப்பாங்களா?”

“இல்ல மேடம். இன்னும் முப்பது அடி முன்னால.”

“மச்சான்!” மைத்துனன் பல்லைக் கடித்தான். “வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீங்களா?”

“அங்க போய் என்ன செய்வீங்க?” என்றார் அதிகாரி.

வழிகாட்டி இரு கைகளையும் சத்தமில்லாமல் சேர்த்துக் காட்டினார். “கை தட்டுவேன். மொத்தக் கூட்டமும் ஒண்ணா எழும்பும். போட்டோவுக்கு எல்லாரும் அதைத்தான் கேப்பாங்க. பறவைங்க நம்மள வரவேற்குதுன்னு சொல்லுவேன். நானும் அப்படித்தான் நெனச்சிருந்தேன்.”

“திரும்ப வந்து உக்கார?”

“கால் மணி நேரம் ஆகும்.”

“அதுவரைக்கும் முட்டை?”

“வெயில்ல கெடக்கும்.” அவர் குரல் இறங்கியது. “போன வருஷம், பொரியாத முட்டை ஒண்ணை உடைச்சுப் பாத்தேன். உள்ள குஞ்சு முழுசா இருந்துச்சு மேடம். வெந்துபோய்.”

“இதையெல்லாம் எழுதாதீங்க மேடம்,” என்று மைத்துனன் குறுக்கே புகுந்தான். “அவரு கொசுவை அடிச்சாலே ரெண்டு நாள் தூங்க மாட்டாரு. மச்சான், அக்காவுக்கு என்ன பதில் சொல்லப் போறீங்க?”

அதிகாரி எழுதினார். “இந்த வருஷம் எத்தனை கூடு?”

“முந்நூத்திப் பன்னெண்டு. நான் வேலைக்கு வந்த வருஷம் நாலாயிரத்துக்கு மேல.”

திரும்பும் வழியில் வழிகாட்டி ஒரே ஒரு கேள்வி கேட்டார். “மூடினா, மறுபடி திறப்பீங்களா மேடம்?”

“திறக்க மாட்டோம்.”

“நானும் போகக் கூடாதா?”

“நீங்களும்தான்.”

அவர் ஒருமுறை நின்று திரும்பிப் பார்த்தார். அங்கிருந்து திட்டு தெரியாது. தெரிந்தது தாழம்புதர் மட்டுமே.

படகுத்துறைக் கொட்டகையில், ஆடும் மேசையை முழங்காலால் முட்டுக்கொடுத்துக்கொண்டு அதிகாரி ஆணையை எழுதினார். எதிரே நின்ற மைத்துனன் எழுத்துகளைத் தலைகீழாகவே படித்துவிட்டான்.

“மூடிட்டாங்க மச்சான். விடுதிக்காரன் ஜெயிச்சுட்டான்.”

வழிகாட்டி கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

அதிகாரி இரண்டு பிரதிகளிலும் கையெழுத்திட்டுத் தேதியும் போட்டார். மைத்துனன் கையை நீட்டினான். “குடுங்க மேடம். எப்படிக் கவுத்தான்னு முழுசாப் படிச்சாவது பாக்குறேன்.”

“உங்களுக்கு ரெண்டாவது பிரதி. முதல் பிரதியை மனு போட்டவர்கிட்ட கொடுத்த பிறகுதான் மத்தவங்களுக்குத் தரணும், அது விதி,” என்ற அதிகாரி, நீட்டிய கையைக் கடந்து சென்று, வழிகாட்டியின் மடியில் முதல் பிரதியை வைத்தார்.