எஸ்டேட் செட்டு

பாண்டீஸ்வரன் வாக்கிடாக்கியை மேசைமேல் வைத்தார். குமுளிப் பக்கம் ஏதோ ஏலக்காய் எஸ்டேட் கழித்துப்போட்டது. முதுகில் வெள்ளைப் பெயிண்டில் எஸ்டேட் நம்பர் இன்னும் இருந்தது.

“நம்ம ஹாம் ரேடியோவுக்கு மாத்திக் குடு தாயி. கேபிளு ஒங்க வீட்லதான கெடக்கு.”

செட்டைக் கணினியோடு இணைக்கும் அந்தக் கேபிள், என்னைப் பெற்ற அத்தாவுடையது.

அத்தாவை இவர் பேசாமல் இருந்தே கொன்றார்.

கம்பத்தைச் சுற்றி உரிமம் வாங்கிய ஹாம் ரேடியோக்காரர்கள் கொஞ்சம் பேர் உண்டு. மாலையானால் எல்லோரும் ஒரே அலைவரிசையில் கூடுவார்கள். பாண்டீஸ்வரன் அதில், எஸ்டேட்டுகளுக்குக் கூலியாட்களை ஏற்றிப்போகும் தன் ஜீப் வியாபாரத்தையும் பேசினார். கூடலூரில் எத்தனை ஆள் நிற்கிறது, எந்த எஸ்டேட்டுக்கு எந்த வண்டி.

அலைவரிசையில் வியாபாரம் பேசக்கூடாது என்பது சட்டம். அத்தா அதை எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டார்.

“நத்தர்ஷா பாய் எப்ப போலீசுல சேந்தாக?” என்று கேட்டார் இவர். எல்லோரும் சிரித்தார்கள்.

அந்த வாரமே இடி விழுந்து அத்தாவின் செட் கருகிப்போனது. வேறொன்று வாங்கி, தானே மாற்றி, அந்தச் சந்தோஷத்தோடு கூப்பிட்டார்.

ஒருவரும் பதில் சொல்லவில்லை.

மறுநாளும் சொல்லவில்லை. பிறகு எந்த நாளும் சொல்லவில்லை. மொட்டைமாடியில் நின்று, “கேக்குதா? யாராச்சும் இருக்கீகளா?” என்று கேட்டுக்கொண்டே இருப்பார். செட்டைக் கழற்றிப் பார்ப்பார். பழுது எதுவும் தெரியாது. ஒரு நாள் கீழே இறங்கி வந்து, “ஒதுக்கி வச்சுட்டாக” என்றார். அதோடு மாடிக்குப் போவதை நிறுத்திவிட்டார்.

ரமலானுக்கு முன்பே இறந்தார். இதயம் ஏற்கெனவே பலவீனம் என்றார் டாக்டர். நான் நம்பவில்லை.

செட்டைக் கணினியில் மாட்டினேன்.

எஸ்டேட்காரர்கள் செட்டுக்கு ஒரு டோன், காதுக்கு எட்டாத அடையாள ஒலி, கொடுத்து வைப்பார்கள். பக்கத்து எஸ்டேட் பேச்சு குறுக்கே வராமல் இருக்க. அதே டோனோடு வரும் பேச்சை மட்டும்தான் அந்தச் செட் வெளியே விடும். மற்றவர் பேசினால் உச்சியில் மஞ்சள் விளக்கு எரியும். சத்தம் வராது.

எங்கள் ஹாம் ஆட்கள் யாரும் டோன் வைப்பதில்லை.

இவர் செட்டில் கேட்கும் பக்கத்துக்கு ஒரு டோன் கொடுத்தேன். அதே டோனை என் செட்டின் பேசும் பக்கத்தில் காலையிலேயே ஏற்றி வைத்திருந்தேன், அவர் வருவதாகப் போன் வந்ததும். பரிசோதித்துப் பார்க்காமல் போகமாட்டார் என்று தெரியும்.

இனி இவர் பேசுவது எல்லோருக்கும் கேட்கும். அவர்கள் சொல்லும் பதில் இவருக்குக் கேட்காது. அத்தா மாதிரி, ‘கேக்குதா’ என்று கேட்டுக்கொண்டே கிடக்கட்டும்.

யாரும் மாற்ற முடியாதபடி பாஸ்வேர்டும் போட்டேன்.

அவர் டீயை ஊதிக் குடித்தார். “ஒங்க அத்தாவுக்கு எம்மேல தீராத கோவம். தெனமும் கூப்பிடுவாக. பதில் சொன்னா ஒரு வார்த்த திருப்பிப் பேச மாட்டாக. அம்புட்டு வைராக்கியம்.”

எவ்வளவு சாதாரணமாகப் பொய் சொல்கிறார் என்று பார்த்தேன். பாஸ்வேர்டில் இன்னும் நான்கு எழுத்து சேர்த்தேன்.

என் செட்டை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்ப் பேசினேன். கூடத்தில் அவர் செட்டில் என் குரல் தெளிவாக வந்தது.

“பக்கத்துல நின்னு பேசுற மாதிரி இருக்கு” என்றார். அவர் முகத்தில் இருந்த திருப்தி எனக்கு வேண்டியதாக இருந்தது.

திரும்பி வந்தபோது அலமாரியிலிருந்து அத்தாவின் செட்டை எடுத்து வைத்திருந்தார். வாரம் ஒருமுறை அதற்குச் சார்ஜ் போடுவேன். அத்தா போனபின் ஆன் செய்ததில்லை.

“இதும் எஸ்டேட் செட்டுதானா?” முதுகைத் திருப்பி வெள்ளைப் பெயிண்ட் நம்பரைப் பார்த்தார். ஆன் செய்து என் பக்கம் நீட்டினார். தன் செட்டில் பேசினார். “பாய் செட்டு, பாய் செட்டு, கேக்குதா?”

கையிலிருந்த என் செட் அதைத் திருப்பிச் சொன்னது.

அத்தாவின் செட் சொல்லவில்லை. அதன் உச்சியில் மஞ்சள் விளக்கு எரிந்தது.

“இது செத்துப்போச்சு தாயி. பழைய இரும்புல போடு.” அணைக்காமல் அப்படியே அலமாரியில் வைத்துவிட்டு, தன் செட்டோடு படியிறங்கினார்.

நான் விளக்கு எரிந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மாடியில் அது எரியும்போதெல்லாம், மின்கம்பி இரைச்சல் என்பார் அத்தா. செட்டை வாங்கியபோது அலைவரிசையை மட்டும் மாற்றியிருக்கிறார். எஸ்டேட்டின் டோனை அழிக்கவில்லை.

தெருவில் ஜீப் கிளம்பியது. என் செட்டில் பாண்டீஸ்வரன் பேசினார். “வேலுச்சாமி, புதுச் செட்டு போட்ருக்கேன். கேக்குதா?”

“நல்லாக் கேக்குதுண்ணே.” வேலுச்சாமி திராட்சைத் தோட்டத்தில் இருக்கிறார் போல; பின்னால் மோட்டார் ஓடியது. “எங்கன இருக்கீக?”

“வேலுச்சாமி? கேக்குதா?”

“கேக்குதுண்ணே, சொல்லுங்க.”

“யாராச்சும் இருக்கீகளா?”

அலமாரியில் விளக்கு ஒவ்வொரு குரலுக்கும் எரிந்து அணைந்தது.

ஜீப் தெரு முனைக்குப் போய்விட்டது. இனி கத்திக் கூப்பிட்டாலும் கேட்காது. இந்த ஊரில் இப்போது அவர் காதில் விழும்படி பேசக்கூடிய செட் என் கையில் இருப்பது ஒன்றுதான். அத்தாவுக்கு அப்படி ஒன்றுகூட யாரிடமும் இருக்கவில்லை.

இன்னொரு முறை கேட்கட்டும் என்று இருந்தேன்.

கேட்டார்.

பேசும் பொத்தானை அழுத்தினேன்.